பொதுவில் நிற்கும் பள்ளிகள்

கடலூர் மாவட்டத்தில் கத்தோலிக்கர் வாழும் ஏதாவது ஓர் ஊரில் பேருந்தை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது மாதா கோயில். அதே வளாகத்தில், வேப்பமரத்துக்குப் பின்னால், நீளமாக ஒரு கட்டடம் இருக்கும். அதன் நெற்றியில் ஒரு பலகை. முதலில் ‘ஆர்.சி.’, அடுத்து ‘தொடக்கப் பள்ளி’, கீழே ஊரின் பெயர், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ‘அரசு உதவி பெறுவது’. ஊர்க்காரர்கள் இவ்வளவையும் சொல்ல மாட்டார்கள். ‘சாமியார் ஸ்கூல்’ என்றால் வேலை முடிந்தது. ஆனால் நின்று வாசிப்பவருக்கு அந்தப் பலகை ஒரே கட்டடத்துக்கு மூன்று சொந்தக்காரர்களைக் காட்டுகிறது: திருச்சபை, ஊர், அரசு.

பலகையில் இல்லாத நான்காவது ஆள் ஒருவர் உண்டு. அவருக்கு அரசுக் கோப்புகளில் ‘கூட்டு மேலாண்மை’ என்று பெயர். ஒரு காலத்தில் பங்குத்தந்தையே தாளாளர். ஊரில் பள்ளி கட்டியவரும் அவர், வாத்தியாரை வைத்தவரும் அவர், ஓடு பறந்தால் ஏணி தேடியவரும் அவர். இன்று அப்படிப் பிறந்த பல பள்ளிகள் மறைமாவட்டம் என்ற ஒரே நிர்வாகத்தின் கீழ் ஓர் அலகாக எண்ணப்படுகின்றன. நியமனம், இடமாறுதல், பதவி உயர்வு, வழக்கு எல்லாம் ஆயர் இல்லத்திலிருந்து நடக்கின்றன. இங்கிலாந்தில் இதையே இப்போது புதிய ஏற்பாடாகச் செய்துவருகிறார்கள். அங்கே 2010ஆம் ஆண்டு அகாடமிகள் சட்டத்துக்குப் பிறகு, கத்தோலிக்கப் பள்ளிகளைப் பத்து, இருபது, முப்பது என்று சேர்த்து ஓர் அறக்கட்டளையின் கீழ் கொண்டுவரும் வேலையை மறைமாவட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டன. அறக்கட்டளை இயக்குநர்களில் பெரும்பான்மையோரை ஆயரே நியமிக்கிறார். நாட்டின் பள்ளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று கத்தோலிக்கப் பள்ளி என்பதால், அது அங்கே பெரிய மாற்றம்தான்.

நிர்வாகச் செய்தியாகப் பார்த்தால் இதோடு முடிந்துவிடும். ஆனால் இதற்குள் ஒரு பழைய சமயக் கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு விசுவாசக் கூட்டம் நட்டு வளர்த்த பள்ளியை இன்னொரு பெரிய கூட்டத்தின் கையில் கொடுத்த பிறகு, அது யாருடைய பள்ளி? அதைக் கத்தோலிக்கப் பள்ளி ஆக்குவது எது? பத்திரமா, பலகையா, உள்ளே நடப்பதா?

இந்தக் கேள்வியைக் கேட்க கடலூரையும் சிதம்பரத்தையும்விடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம்.

ஜூலை மாதக் கடைசி வாரத்தில் ஒரு கிராமத்து ஆர்.சி. பள்ளியின் தலைமையாசிரியை மேசையைப் பார்க்க வேண்டும். வருகைப் பதிவேடு, ஆதார் நகல்கள், ஒரு ரூல் பென்சில், பக்கத்து ஊர்ப் பெற்றோரின் கைபேசி எண்கள் எழுதிய துண்டுச் சீட்டு. ஆகஸ்ட் 1 நிலவரப்படி எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்துத்தான் அரசு ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிக்கும். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. அந்த அறுபத்தோராவது பிள்ளைக்காக சிஸ்டர் வீடு வீடாக ஏறி இறங்குவார். வேன் வைத்து அழைத்துப்போகும் ஆங்கிலவழிப் பள்ளியிடம் தோற்று, செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளையிடம் ஜெயிப்பார். கிடைக்கவில்லை என்றால் மூன்றாவது ஆசிரியர் ‘உபரி’. இருபது வருடம் பாடம் நடத்தியவரின் பெயருக்கு நேரே ஒரே நாளில் அந்தச் சொல் வந்து உட்காரும்.

பள்ளி தனித்து நின்றால் உபரி ஆசிரியரின் கதி இழுபறிதான். கூட்டு மேலாண்மையில் இருந்தால் வழி உண்டு: அதே நிர்வாகத்தில் ஆள் தேவைப்படும் இன்னொரு பள்ளிக்கு அவரை அனுப்பலாம். பணிநிரவல் என்பார்கள். ஒரு பள்ளியில் உபரி இருக்கும்போது இன்னொரு பள்ளிக்குப் புதிய ஆளை எடுக்க அரசு விடாது என்பதும் சேர்ந்தே வருகிறது. ஆக, ஓர் ஊரில் பிள்ளை குறைந்தால் முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னோர் ஊரில் காலியிடம் நிரம்புகிறது. அந்த ஊரில் பி.எட். முடித்துக் காத்திருக்கும் பெண்ணுக்கு வாய்ப்பு போகிறது. ஒரு குடும்பம்போல என்று சொல்லிக்கொண்டால், குடும்பத்தில் வரும் வருத்தமும் வரத்தான் செய்யும்.

கேரளம் இந்த வழியில் நமக்கு முன்னால் போனது. 1959ஆம் ஆண்டுக் கேரளக் கல்வி விதிகள் தனியாள் நிர்வாகம், கூட்டு நிர்வாகம் என்று இரண்டு வகையை அப்போதே பிரித்துவிட்டன. சங்ஙனாசேரி போன்ற மறைமாவட்டங்கள் பங்குப் பள்ளிகளைத் திரட்டி ஒரே ‘கார்ப்பரேட் மேனேஜ்மென்ட்’ ஆக்கின. அங்கேயும் காரணம் இதுவேதான்: பணிமூப்பு, மாறுதல், வழக்கு.

கடலூரில் பள்ளிகளின் சொந்தக்காரர் மாறுவது புதிய செய்தி இல்லை. 1717இல் தரங்கம்பாடியிலிருந்து வந்த சீகன்பால்கு, ஆங்கிலேயரின் ஆளுகையிலிருந்த கடலூரில் ஒரு தருமப் பள்ளிக்கு ஏற்பாடு செய்தார். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மன் லுத்தரன் குரு, ஆங்கிலேயர் கோட்டை, தமிழ்ப் பிள்ளைகள்: முதல் நாளே மூன்று கைகள். பின்னாளில் வந்த டேனிஷ் மிஷனின் வாரிசான ஆற்காடு லுத்தரன் திருச்சபை இன்றும் கடலூரைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டு தன் பள்ளிகளை நடத்துகிறது. டேன்கள் போய்விட்டார்கள், மேல்பட்டாம்பாக்கத்தில் ‘டேனிஷ் மிஷன்’ என்ற பெயர் மட்டும் போகவில்லை.

கத்தோலிக்கத் தரப்பிலும் அப்படித்தான். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர் இயேசு சபைக்காரர். அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1773இல், போப்பாண்டவரே இயேசு சபையைக் கலைத்தார். 1776இல் அவர்கள் வளர்த்த கர்நாடக மிஷன் பாரீஸ் வேதபோதக சபையிடம் போனது. அந்தச் சபையின் போனான் என்ற ஆயர் 1844இல் புதுச்சேரியில் ஒரு சினோடு கூட்டினார். பள்ளிகளைப் பெருக்க வேண்டும், பெண்களைப் படிக்கவைக்க வேண்டும், உள்ளூர்க் குருக்களை உருவாக்க வேண்டும் என்பவை அங்கே பேசப்பட்ட பெரிய விஷயங்கள். அதே ஆண்டு அக்டோபரில் துய்ப்புயி சுவாமிகள் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவென்றே தமிழ்ப் பெண்களைக் கொண்டு மரியாயின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. 1886இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டமானது. 1953இல் பெயரோடு கடலூரும் சேர்ந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்க அப்போது இன்னும் ஓராண்டு இருந்தது. இன்றும் இந்த உயர்மறைமாவட்டம் இரண்டு அரசுகளுக்குள் கால் வைத்து நிற்கிறது: ஒருபக்கம் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மறுபக்கம் புதுச்சேரி, காரைக்கால். ஒரே பேராயர், இரண்டு கல்வித் துறைகள்.

இருநூற்றைம்பது ஆண்டுகளில் நிர்வாகம் எத்தனை கை மாறியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், ‘எங்கள் பள்ளியை எடுத்துக்கொண்டார்கள்’ என்ற பேச்சின் சூடு கொஞ்சம் தணியும். கை மாறியும் பாடம் நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஊர் ஓரடி பின்னால் தள்ளப்பட்டது என்பதும் அதே கணக்கில் வருகிறது.

இனி சிதம்பரம்.

‘கத்தோலிக்க’ என்ற கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் ‘முழுமைக்கும் உரியது’, ‘எல்லோருக்குமானது’ என்று வரும். தமிழில் ஒரே சொல்லில் சொல்வதென்றால் ‘பொது’. தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பழைய பக்தி இலக்கியம் வைத்த பெயர்களில் ஒன்றும் ‘பொது’தான், மன்று என்றும் சொல்வார்கள். கோயிலை நடத்துகிறவர்கள் பொது தீட்சிதர்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் குருவும் கன்னியரும் அல்லாத சாதாரண விசுவாசிகளுக்குத் தமிழ்ப் பெயர் பொதுநிலையினர். ஒரே சொல், மூன்று இடத்தில் மூன்று விதமாக வேலை செய்கிறது: ஆடும் இடம், ஆளும் கூட்டம், ஆளப்படும் கூட்டம்.

தீட்சிதர் முறையில் கோயில் எந்த ஒருவருடைய சொத்தும் இல்லை. மணமான தீட்சிதர்கள் எல்லோருக்கும் பூசை முறையும் நிர்வாகத்தில் பங்கும் உண்டு, கூடித்தான் முடிவெடுக்கிறார்கள். 2009இல் அரசு செயல் அலுவலரை நியமித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2014 ஜனவரி 6 அன்று தீட்சிதர்கள் ஒரு சமயப் பிரிவினர், அவர்களின் நிர்வாக உரிமையை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று சிதம்பரத்தின் கீழவீதித் தேநீர்க் கடையில் இன்றும் இரண்டு கட்சி கட்டலாம். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அதன் அடியில் இருக்கும் சட்டக் கற்பனை. இந்தியச் சட்டத்தில் கோயிலில் எழுந்தருளிய மூர்த்தி ஒரு சட்ட நபர். அவர் பெயரில் நிலம் இருக்கும், வழக்கு நடக்கும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்திலும் இதற்கு இணை உண்டு: 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி மறைமாவட்டம் ஒரு சட்ட நபர், ஒவ்வொரு பங்கும் தனித்தனியாக ஒரு சட்ட நபர்.

பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் இதுதான். பங்குப் பள்ளியை மறைமாவட்ட நிர்வாகத்தில் சேர்க்கும்போது ஒரு சட்ட நபரிடமிருந்து இன்னொரு சட்ட நபருக்குப் பொறுப்பு மாறுகிறது. அந்த முதல் நபர் யார்? காகிதத்தில் ‘பங்கு’. நேரில் பார்த்தால், கல் சுமந்த தாத்தா, திருவிழாக் காசில் பெஞ்சு வாங்கிய சபைக்காரர்கள், நிலம் எழுதிக்கொடுத்த ஏதோ ஒரு குடும்பம். அவர்களிடம் யாராவது கேட்டார்களா?

திருச்சபை இதற்குத் தன்னிடமே ஒரு பதிலை வைத்திருக்கிறது. 1931இல் பதினோராம் பயஸ், சமூக ஒழுங்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் ஒரு கொள்கையை வகுத்தார். சிறிய அமைப்பு தன்னால் செய்ய முடிந்ததைச் செய்துகொண்டிருக்கும்போது பெரிய அமைப்பு அதைப் பிடுங்குவது அநீதி. பெரியதின் வேலை சிறியதற்குத் துணை நிற்பது. முசோலினி ஆண்ட இத்தாலியில், எல்லாவற்றையும் அரசே விழுங்கப் பார்த்த காலத்தில் எழுதியது அது. அரசுக்குச் சொன்ன அந்தப் புத்தி ஆயர் இல்லத்துக்கும் பொருந்தும் அல்லவா? இந்தத் துணைநிலைக் கோட்பாட்டை உரைகல்லாக வைத்துப் பார்த்தால், கூட்டு மேலாண்மை சரியா என்ற கேள்வி மொத்தமாக வராது. எதைச் சேர்ப்பது, எதைச் சேர்க்கக் கூடாது என்று பிரிந்து வரும்.

சேர்க்க வேண்டியவை எவை என்பதற்கு 2024 நவம்பரில் டெல்லியில் அடுத்தடுத்து வந்த இரண்டு தீர்ப்புகளே போதும்.

முதலாவது நவம்பர் 7. அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியராக இருக்கும் குருக்களும் கன்னியரும் வாங்கும் சம்பளத்துக்கு வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கு. இவர்கள் வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். திருச்சபைச் சட்டப்படி சொந்தச் சொத்து கிடையாது. சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்ததும் சபைக்கோ மறைமாவட்டத்துக்கோ போய்விடும். உலகத்துக்கு இறந்தவர் என்றே கருத வேண்டும், இறந்தவருக்கு வருமானம் ஏது என்பது அவர்கள் தரப்பு. பல பத்தாண்டுகளாக வரித் துறையும் விட்டுவைத்திருந்தது. 2014க்குப் பிறகு பிடிக்கத் தொடங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் வரித் துறை பக்கம் சாய்ந்தது. உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து மேல்முறையீடுகளைத் தள்ளியது. வேலை பார்த்தவர் ஒரு தனி ஆள், சம்பளம் அவர் பெயரில். வாங்கிய பிறகு யாருக்குக் கொடுத்தார் என்பது அவர் பாடு. சட்டத்தின் கண் அவ்வளவுதான் பார்க்கும். சிஸ்டரின் பான் அட்டையில் சபையின் பெயர் இல்லை, அவருடைய பெயர்தான் இருக்கிறது.

இரண்டாவது நவம்பர் 8, அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக வழக்கு. ஏழு நீதிபதிகளில் நால்வர் பெரும்பான்மை. ஒரு நிறுவனத்தைச் சட்டம் போட்டு அமைத்துவிட்டால் அதன் சிறுபான்மைத் தன்மை போய்விடும் என்ற 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பு விலக்கப்பட்டது. அது யார் மூளையில் உதித்தது, யார் பணம் திரட்டினார்கள், யாருக்காகத் தொடங்கினார்கள் என்று பிறப்பு வரை போய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள். அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு தரும் உரிமையில் இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன: நிறுவுவது, நிர்வகிப்பது. நிர்வாகம் மேலே மேலே போகலாம். நிறுவியது யார் என்பதற்கான சாட்சி கீழே, ஊரில்தான் கிடக்கிறது. பழைய தானப் பத்திரத்தையும் திருமுழுக்குப் பதிவேட்டையும் கரையான் அரிக்க விட்ட பங்குகள் அந்தச் சாட்சியைத் தாங்களே அழிக்கின்றன.

இதோடு ஆசிரியர் தகுதித் தேர்வு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் பணியில் இருப்பவர்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. இப்படிப்பட்ட வழக்கில் ஓர் ஊரின் ஆர்.சி. பள்ளி தனியாக வக்கீல் வைத்து டெல்லிக்குப் போக முடியுமா? சட்டம், சம்பளப் பட்டியல், தணிக்கை, உபரி ஆசிரியர் மாறுதல், இடிந்த சுவருக்குப் பணம் — இவை ஊரால் தாங்க முடியாத சுமைகள். பெரிய தோள் வேண்டும். இதில் விவாதமே இல்லை.

விவாதம் பணப்பெட்டியில் தொடங்குகிறது. ஒரே மறைமாவட்டத்தில் இரண்டு வகைப் பள்ளி இருப்பதை யாரும் பார்க்கலாம். சில ஊர்களில் ஒரே மதிலுக்குள்கூட இரண்டு வாசல். ஒரு வாசலில் கட்டணம் வாங்கும் மெட்ரிக் அல்லது சி.பி.எஸ்.இ. பள்ளி; ஷூ, டை, பேருந்து. இன்னொரு வாசலில் தமிழ்வழி உதவி பெறும் பள்ளி. செருப்பு இருந்தால் சரி. இரண்டாவது வாசலில் ஆசிரியர் சம்பளம் அரசுடையது, பாடநூல் அரசுடையது, மதிய உணவு அரசுடையது. 2024 ஜூலை 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரக உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோது, தொடக்க விழா நடந்த இடமே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. காலை உப்புமாவும் அரசுடையதான பிறகு அந்த வாசலில் திருச்சபையின் பங்கு என்ன? கட்டடம், தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, காலை ஜெபம். கட்டடத்துக்கு ஆகும் செலவை முதல் வாசலின் வருமானத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால், ஒன்று சேர்ந்ததற்கு அர்த்தம் உண்டு. முதல் வாசலில் மூன்றாவது மாடி எழும்பி, இரண்டாவது வாசலில் ஓடு ஒழுகினால், ‘கூட்டு’ என்ற சொல் எதற்கு? தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் உடைமைகளைப் பொதுவில் வைத்து, அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்துகொண்டதாக அப்போஸ்தலர் பணிகள் நூல் சொல்வதைப் பள்ளி ஆண்டுவிழாக்களில் அடிக்கடி எடுத்துச் சொல்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு இங்கே ஒரு சாதி முகமும் உண்டு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, நாட்டின் சுமார் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் மிகக் குறைவு என்றும் தானே ஒப்புக்கொண்டது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. சலுகையின் ஏணி இல்லாத பிள்ளைக்குப் பள்ளி ஒன்றுதான் ஏணி. அந்த ஏணியைப் பிடித்திருக்கும் குழுவில் அவனுடைய தெருக்காரர் ஒருவராவது உட்கார்ந்திருக்கிறாரா என்பது நிர்வாகக் கேள்வி மட்டும் இல்லை.

சிதம்பரம் இதற்கும் ஒரு கண்ணாடி பிடிக்கிறது. 1916இல் சுவாமி சகஜானந்தர் அங்கே நந்தனார் பெயரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவரின் பெயரைப் பள்ளி வாசலில் வைத்தார். பின்னாளில் அது ஆதிதிராவிடர் நலத் துறைப் பள்ளியானது. 2023 மார்ச் வரவுசெலவு அறிக்கையில், வெவ்வேறு துறைகள் நடத்தும் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்போம் என்று தமிழக அரசு அறிவித்தது. தரம் உயரும் என்றார்கள் ஒரு சாரார். எங்களுக்கென்று வந்த பள்ளி அடையாளம் தெரியாமல் கரைந்துவிடும் என்று எதிர்த்தார்கள் இன்னொரு சாரார். வரலாறு வேறு, கவலை அதே கவலை. அதே ஊரில் 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பண நெருக்கடியில் சிக்கி 2013இல் அரசின் கைக்குப் போனபோது ஊழியர்களுக்குச் சம்பளம் உறுதியானது. ஆயிரக்கணக்கானோர் உபரியாகி மற்ற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

ஆறுமுக நாவலரை விட்டுவிட்டு சிதம்பரத்துப் பள்ளிகளைப் பேச முடியாது. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் தமிழாக்கத்தில் உழைத்தவர் அவர். மிஷன் பள்ளிகள் எப்படி இயங்குகின்றன என்பதை உள்ளிருந்து பார்த்துவிட்டு, 1848இல் வண்ணார்பண்ணையிலும் 1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஊருக்கு ஊர் இப்படி வர வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசையை இலங்கையில் பெரிய அளவில் நிறைவேற்றியது 1923இல் எழுந்த சைவ வித்தியா விருத்திச் சங்கம். இந்து போர்டு இராசரத்தினம் என்றே பெயர் வாங்கியவரின் உழைப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் அதன் ஒரே குடைக்குள் வந்தன. 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் இலங்கை அரசு உதவி பெறும் பள்ளிகளை எடுத்துக்கொண்டபோது அந்தக் குடை முழுவதும் போனது. கத்தோலிக்கர்கள் பள்ளிக் கட்டடங்களுக்குள் புகுந்து உட்கார்ந்து எதிர்த்தும் பெரும்பாலானவை நிற்கவில்லை. நாவலர் சிதம்பரத்தில் வைத்த பள்ளி, எல்லை தாண்டி இந்தப் பக்கம் இருந்ததால், இன்றும் அவர் பெயரில் நடக்கிறது.

சேர்க்கக் கூடாதது எது என்பதற்கு இப்போது வரலாம். திருச்சபைச் சட்டம் 803ஆவது விதியில் கத்தோலிக்கப் பள்ளியை இரண்டு விதமாக அடையாளம் காட்டுகிறது. திருச்சபை அதிகாரம் நடத்துவது அல்லது எழுத்தில் ஏற்றுக்கொண்டது என்பது ஒன்று. போதனையும் வளர்ப்பும் கத்தோலிக்கக் கொள்கையில் ஊன்றியிருப்பது, ஆசிரியர்கள் போதனையிலும் நடத்தையிலும் சிறந்து நிற்பது என்பது இன்னொன்று. முதல் பாதியைப் பத்திரம் போட்டுச் சேர்க்கலாம், பிரிக்கலாம். இரண்டாம் பாதி வகுப்பறைக்கு வெளியே உயிரோடு இருக்காது. இந்தியாவில் சுமார் 14,000 பள்ளிகள் நடத்தும் கத்தோலிக்கத் திருச்சபையின் வகுப்பறைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் மிகப் பலர் பிற சமயத்தவர். 2024இல் ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது: பிற சமயப் பிள்ளைகள்மேல் கிறிஸ்தவ வழக்கங்களைத் திணிக்காதீர்கள்; காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகப்புரையை வாசியுங்கள். நல்ல சுற்றறிக்கை. டெல்லியிலிருந்து வந்த அந்தத் தாளை உயிரோடு செய்து காட்ட வேண்டியவர் கடைசியில் யார்? விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் கொழுக்கட்டை கொண்டுவரும் பையனிடம் ஒன்றை வாங்கிச் சாப்பிடும் சிஸ்டர்தான்.

அந்த சிஸ்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பட்டியல் போட்டு மாற்றும் நிர்வாகம் அவருடைய ஊர்ப் பழக்கத்தையும் சேர்த்து மாற்றிவிடுகிறது. எந்தப் பிள்ளையின் அப்பா சென்னைக்கு வேலைக்குப் போனவர் திரும்பவில்லை, எந்தப் பெண்ணுக்கு எட்டாம் வகுப்பிலேயே மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்ற அறிவுக்கு ஆயர் இல்லத்தில் கோப்பு கிடையாது. சேர்க்கை, காலைக் கூட்டம், பெற்றோர் கூட்டம், யாருக்குக் கட்டணச் சலுகை என்ற முடிவு, தலைமையாசிரியர் நியமனத்தில் ஊரின் கருத்து — இவை பள்ளியிடமே இருக்க வேண்டியவை. சிறுபான்மை நிர்வாகம் பணிமூப்பை மட்டும் பார்க்காமல் தன் விருப்பப்படி தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் சொன்னது. நீதிமன்றம் தந்த அந்தச் சுதந்திரத்தில் ஒரு பிடியையாவது நிர்வாகம் ஊருக்குத் தரலாம்.

ஆகவே கூட்டு மேலாண்மை வேண்டாம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. சொன்னால் அறுபத்தோராவது பிள்ளை கிடைக்காத பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடும். ஆனால் ‘பொது’ என்ற சொல்லைப் பெயரில் சுமக்கும் ஒரு சபை, பொதுநிலையினரை வாசலில் நிறுத்திவிட்டுப் பள்ளிகளைப் பொதுவாக்குவதும் முறையாகாது. ஒவ்வொரு பங்கிலும் பள்ளிக் குழுவில் பெற்றோருக்கும் பொதுநிலையினருக்கும் இடம் கொடுக்கட்டும். அதில் பிற சமயப் பெற்றோர் ஒருவரும் இருக்கட்டும். எந்தப் பெரிய பள்ளியிலிருந்து எந்தச் சின்னப் பள்ளிக்கு அந்த ஆண்டு எவ்வளவு போனது என்று ஒரே ஒரு பக்கத்தில் கணக்கு போடட்டும். அதை ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் கோயிலில் வாசிக்கட்டும். மாதா கோயில் திருவிழா முடிந்த பிறகு வரவுசெலவை ஊர் கூட்டி அப்படித்தான் வாசிக்கிறார்கள். பட்டாசுக்கு எவ்வளவு, பேண்டு வாத்தியத்துக்கு எவ்வளவு என்பது வரை.